கூப்பிட்டபோது முற்றத்தில் நின்றவள்

அம்மா எழுதுகிறேன், தம்பி. சுகமா என்று கேட்கப் போவதில்லை. போன ஞாயிற்றுக்கிழமைதான் உன்னைப் பார்த்தேன், மெலிந்திருக்கிறாய், அதையும் அன்றைக்கே சொல்லிவிட்டேன். இப்போது எழுதுவது வேறு ஒரு காரியத்துக்காக. கன்னியர் மடத்துச் சமையலறையில் நான் காய்கறி நறுக்குகிற மேசையைத் துடைத்துவிட்டு, நீ உன் தாள்களைப் பரப்பி எனக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தாய். பாதியில் நான் எழுந்து சோற்றுப் பானையைப் பார்க்கப் போனேன், ஞாபகமிருக்கிறதா? சோறு எப்போதோ வடித்தாகிவிட்டது. அடுப்பில் நெருப்புக்கூட இல்லை. உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு அந்த இடத்தில் உட்கார்ந்திருக்க முடியாமல்தான் எழுந்து போனேன். அடுத்த மாதம் நீ மதராசுக்கு மேல்படிப்புக்குப் போகிறாய். அதற்கு முன்னால் நேரில் சொல்லிவிடலாம் என்று பார்த்தால், நேரில் எனக்கு வாய் வராது. வாய் வராதது என் பிறவிக் குணம் அல்ல, பழக்கம். அந்தப் பழக்கத்தால் நான் எதை இழந்தேன் என்று உனக்குச் சொல்ல வேண்டும்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், உன் வேலை எனக்குப் பெருமை. பதுளைக் கோட்டுப் பதிவறையில் தூசிக்குள் உட்கார்ந்து, பழைய சிவில் வழக்குக் கட்டுகளில் சிலவற்றைச் சீட்டு எடுக்கிற மாதிரி எடுத்து, யார் வழக்குப் போட்டார், எத்தனை தவணை தள்ளிப்போனது, வழக்குப் பேச ஒரு புரக்டர் இருந்தாரா, கடைசியில் என்ன ஆனது என்று ஒவ்வொன்றாகக் குறித்து வருகிறாய். "சட்டத்தப் பத்தி எல்லாரும் எழுதிட்டாங்கம்மா. கோட்டுக்கு வந்த ஆளுக்கு என்ன ஆச்சுன்னு ஒருத்தரும் எண்ணிப் பாக்கல" என்று நீ சொன்னபோது, கொஞ்சம் சத்தமாகச் சொல்லேன், பக்கத்து அறையில் சிஸ்டர்மார் இருக்கிறார்கள், அவர்கள் காதிலும் விழட்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. பிறகு நீ விரலை வைத்து ஒரு கட்டத்தைக் காட்டினாய். அதன் தலையில் "வரவில்லை" என்று எழுதியிருந்தது. கீழே கோடு கோடாக நிறைந்திருந்தது.

"இவ்வளவு பேரா?" என்று கேட்டேன்.

"ஆமாம்மா. வழக்குப் போட்டவங்களே தவணைக்கு வரல. அதனால தள்ளுபடி."

"ஏன் வரலையாம்?"

"அக்கறை விட்டுப் போயிருக்கும். இல்லாட்டி வெளிய பேசித் தீத்துக்கிட்டிருப்பாங்க. நாங்க அப்படித்தான் எழுதப் போறோம்."

அப்போதுதான் எனக்குச் சோற்றுப் பானை ஞாபகம் வந்தது. அந்தக் கோடுகளில் ஒன்று நானாக இருக்கலாம், தம்பி. என் வழக்குக் கட்டு உன் கையில் அகப்பட்டதா இல்லையா, எனக்குத் தெரியாது. அகப்பட்டிருந்தாலும் என் பெயரை நீ பார்த்திருக்க மாட்டாய், நம்பரைத்தான் குறிக்கிறோம் என்று சொன்னாய். நீ நாலு வயதுப் பிள்ளையாக இருந்தபோது அதே கோட்டில் நானும் ஒரு வழக்குப் போட்டேன். உன் அக்கா பிலோமினாவை என்னிடம் திருப்பிக் கொடுக்கச் சொல்லிப் போட்ட வழக்கு அது.

உனக்கு நான் சொல்லி வளர்த்த கதை வேறு. பெரியப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும் பிள்ளை இல்லை, அக்காமேல் அவர்களுக்கு உயிர், அதனால் அவர்களோடு இந்தியாவுக்குப் போய்விட்டாள், எல்லாரும் மனம் ஒத்துத்தான் நடந்தது என்று சொல்லியிருந்தேன். சின்னப் பிள்ளையிடம் அப்படிச் சொல்லத் தொடங்கினேன். நீ வளர்ந்த பிறகு மாற்றிச் சொல்லத் தைரியம் வரவில்லை. அவர்களுக்குப் பிள்ளை இல்லை என்பதும், அக்காமேல் அவர்களுக்கு உயிர் என்பதும் நிஜம். மனம் ஒத்து நடந்தது என்பதுதான் பொய்.

உன் அப்பா நெஞ்சுச் சளியில் படுத்துப் பதுளை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, நான் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு நம் தோட்டம் இருந்த மடுல்சீமைக்கும் பதுளைக்கும் அலைந்தேன். அந்த ரோட்டில் பஸ் வந்தால் வந்தது, மழை பெய்தால் அதுவும் இல்லை. பிலோவைக் கூட்டிக்கொண்டு அலைய முடியாது. அவளைப் பெரியம்மா இருந்த லயத்து வீட்டில் விட்டேன். நான்தான் விட்டேன், யாரும் பிடுங்கிக்கொண்டு போகவில்லை. பெரியம்மா அவளுக்குத் தலை வாரிவிட்டாள், ரொட்டி சுட்டுக் கொடுத்தாள், தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாள். உன் அப்பா போய், காரியமெல்லாம் முடிந்த பிறகு நான் பிள்ளையைக் கூப்பிடப் போனேன். "இப்ப எதுக்கும்மா அவசரம்? நீ முதல்ல எந்திரிச்சு நில்லு. அவ இங்கன இருக்கட்டும்" என்றார் பெரியப்பா. அன்பாகத்தான் சொன்னார். மறு மாதமும் அப்படித்தான் சொன்னார். பிறகு ஒரு நாள், இரண்டு அரசாங்கமும் செய்த ஒப்பந்தப்படி இந்தியாவுக்குப் போக எழுதிக் கொடுத்த தன் குடும்பத்தில், தகப்பன் இல்லாத பிள்ளை என்று சொல்லி பிலோவையும் சேர்த்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். நான் அந்தப் பக்கம் போகிறவள் இல்லை. உன் அப்பா இந்த மண்ணிலேயே இருக்கிறோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் கண்ணை மூடினார். அவர் குழியை விட்டுவிட்டு நான் எங்கே போவது?

இனி நீ படிக்கப்போவது உன் புத்தகங்களில் இருக்காது, கவனமாகக் கேள். தோட்டத்தில் நாம் இருந்த டிவிசனில் விடிகாலையில் பெரட்டுக் களத்தில் எல்லாரும் வரிசையாக நிற்போம். கணக்கப்பிள்ளை புத்தகத்தைப் பார்த்துப் பெயர் வாசிப்பார். பெயருக்கு உரியவள் பதில் சொல்ல மாட்டாள். அவளுடைய கங்காணிதான் பதில் சொல்வார். "இருக்கு" என்பார் ஒரே சொல்லில். அந்தச் சொல் கேட்டால் எனக்கு அன்றைய பேரும் கூலியும் உண்டு, கேட்காவிட்டால் இல்லை. எனக்குக் கங்காணி யார் தெரியுமா? உன் பெரியப்பாதான். நான் கல்யாணமாகி அந்தத் தோட்டத்துக்கு வந்து முதல் பெரட்டில், பிறந்த தோட்டத்துப் பழக்கத்தில், என் பெயர் வந்ததும் "இருக்கேங்க" என்று நானே சொல்லிவிட்டேன். களமே சிரித்தது. பெரியப்பாவும் சிரித்துக்கொண்டே, "ஏம்மா, அப்ப நான் எதுக்கு நிக்கிறேன்?" என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. புருஷனுடைய அண்ணன் முன்னால் சத்தமாகப் பேசிவிட்டேனே என்று அன்று முழுக்க மலையில் யாரோடும் பேசவில்லை. அதற்குப் பிறகு ஒரு நாளும் என் பெயருக்கு நான் பதில் சொன்னதில்லை. பெயரைக் கூப்பிடுவார்கள், நான் தலையைக் குனிந்து நிற்பேன், பக்கத்திலிருந்து அவர் குரல் வரும். நல்ல கனமான குரல். அந்தக் குரல் கேட்டால் மனதுக்குள் ஒரு நிம்மதி வரும், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

நம் வேதக்கோயில் சாமியார்தான் என்னைப் பதுளைக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரு புரக்டரிடம் விட்டார். புரக்டர் ஐயா நல்ல மனிதர், ஆனால் அவரை நான் பார்த்தது இரண்டொரு தடவைதான். மற்றதெல்லாம் அவருடைய கிளார்க். பிள்ளையைத் தாயின் பொறுப்பில் விட வேண்டும் என்று மனு எழுதிப் போட்டார்கள். நான் விரலை உருட்டாமல் கையெழுத்தே வைத்தேன், கிளார்க் ஆச்சரியமாகப் பார்த்தார். பிறகு தவணை, தவணைக்கு மேல் தவணை. நீதிபதி வரவில்லை ஒரு நாள், எதிராளிக்கு அழைப்பாணை சேரவில்லை ஒரு நாள், நேரம் போய்விட்டது என்று ஒரு நாள். நீ அதையெல்லாம் ஒரு தாளில் அழகாகக் கூட்டி வைத்திருக்கிறாய். ஒவ்வொரு தவணையும் எனக்கு ஒரு நாள் கூலி போன நாள், உனக்குக் காய்ச்சல் வந்த நாள், பசறையில் பஸ் மாறக் காத்திருந்த நாள். என்றாலும் ஒன்றையும் நான் தவறவிட்டதில்லை. கிளார்க் ஒரு தடவை கேலியாக, "உங்களுக்கு இங்கயே ஒரு லயம் கட்டிக் கொடுத்துறலாம்" என்றார். நானும் சிரித்தேன்.

கடைசித் தவணையில் நீதிபதி பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். பெரியப்பா பிலோவைக் கூட்டிக்கொண்டு வந்தார். புதுச் சட்டை, இரண்டு பக்கமும் ரிப்பன். ஒன்பது வயதிலேயே நல்ல உயரம். நான் உன்னைத் தூக்கிக்கொண்டு நின்றேன். நீ சிணுங்கத் தொடங்கினாய். உள்ளே போகலாம் என்று வராந்தாவில் கால் வைத்தேன். கிளார்க் தடுத்தார். "பிள்ளையோட உள்ள வந்து நிக்காதீங்க, சத்தம் போட்டா ஐயா கோவிப்பார். முத்தத்துல நில்லுங்க. நம்ம கேஸ் வந்தா நானே வந்து கூட்டிக்கிட்டுப் போறேன்" என்றார். சரிங்க என்றேன். வராந்தாவுக்கு நேர் கீழே, வெயிலில், எல்லாருக்கும் தெரிகிற இடத்தில்தான் நின்றேன். மரத்தடியில் ஒதுங்கக்கூட இல்லை. ஒதுங்கினால் கிளார்க் என்னைத் தேடுவாரே என்று பயம். பிலோவும் பெரியம்மாவும் உள்ளே போய்விட்டார்கள். பெரியப்பா மட்டும் வாசலோரப் பெஞ்சில், எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்.

பியூன் வெளியே வந்து என் பெயரைக் கூப்பிட்டார்.

நான் கேட்டேன், தம்பி. தெளிவாகக் கேட்டேன். என் பெயர்தான் என்று தெரியும். அந்த நேரத்தில் எனக்குள் நடந்ததை நான் எத்தனையோ வருஷமாகத் திருப்பித் திருப்பி யோசித்திருக்கிறேன். பயம் இல்லை. மறந்துபோகவும் இல்லை. என் பெயர் விழுந்ததும் என் தலை தானாகக் குனிந்தது. என் காது பக்கத்தில் ஒரு குரலுக்காகக் காத்திருந்தது. இரண்டாம் தடவை கூப்பிட்டபோது நிமிர்ந்து கிளார்க்கைத் தேடினேன். அவர் இல்லை. அப்புறம் என் கண் எங்கே போயிற்று என்று நினைக்கிறாய்? பெரியப்பாவிடம் போயிற்று. என் பிள்ளையை வைத்துக்கொண்டிருக்கிற எதிராளியிடம், "இருக்கு" என்று சொல்லச் சொல்லிப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். சத்தியமாகச் சொல்கிறேன், அவர் சொல்லத்தான் போனார். பத்து வருஷமாக அந்தப் பெயருக்கு அந்தச் சொல்லைச் சொன்ன வாய் அது, அதற்கும் பழக்கம்தானே. பிறகு அவருக்குத் தான் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்று ஞாபகம் வந்திருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டார். பியூன் மூன்றாம் தடவை கூப்பிட்டுவிட்டு உள்ளே போனார். பெரியப்பாவும் எழுந்து உள்ளே போனார்.

கிளார்க் வெற்றிலையும் வாயுமாக ஓடி வந்து என்னை உள்ளே இழுத்துக்கொண்டு போனபோது வேறு வழக்கு நடந்துகொண்டிருந்தது. மொழிபெயர்க்கிற முதலியார் தாழ்ந்த குரலில், "உங்க கேஸ் முடிஞ்சிருச்சும்மா, நீங்க வரல" என்றார்.

"நான் இங்கதாங்க நின்னேன்."

"கூப்பிட்டப்போ சொல்லணும்மா" என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. என்னைப் பார்க்க அவருக்கே கஷ்டமாகத்தான் இருந்தது.

பெரியம்மா பிலோவைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு வந்தாள். நான் குறுக்கே போய், "பிலோ, அம்மாகிட்ட வாடி" என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அப்போது அந்தப் பார்வை எனக்கு விளங்கவில்லை. நீ அக்காவைப் பார்த்துக் கையை நீட்டினாய். அவள் உன் விரலைத் தொட்டுவிட்டுப் போனாள்.

வழக்கை மறுபடி எடுக்கலாம், காரணம் காட்டி எழுதிப் போடலாம் என்று புரக்டர் ஐயா சொன்னார். கிளார்க்கும் பாவம், தன்னால் வந்த வினை என்று அலைந்து எழுதிப் போட்டார். ஒரு தவணையும் கிடைத்தது. அதற்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை, பெரட்டில் நின்றுகொண்டிருந்தேன். என் பெயரை வாசித்தார்கள். "இருக்கு" என்று சொல் வந்தது. ஆனால் அது வேறு ஆள் குரல். திரும்பிப் பார்த்தேன், கீழ் லயத்துக் கங்காணி நின்றார். நான் ஒன்றும் கேட்காமலே அவர், "அவங்க விடியமுந்தியே லொறியில போயிட்டாங்கம்மா. தலைமன்னாருக்கு, கப்பலேற" என்றார். இன்னும் ஒரு மாதம் இருக்கிறது என்றுதான் பெரியப்பா ஊரெல்லாம் சொல்லியிருந்தார். லயத்தில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. எனக்கு மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. எனக்கு நல்லது செய்கிறோம் என்று நினைத்தார்களோ என்னவோ. பக்கத்தில் நின்றவள் என் கூடையைப் பிடித்துக்கொண்டாள். என் பிள்ளை போய்விட்டாள் என்று எனக்குச் சொன்னது அந்தப் புதுக் குரல்தான்.

இருந்தாலும் அந்தத் தவணைக்குப் போனேன். ஏன் போனேன் என்று கேட்காதே. பியூன் என் பெயரை வாயில் எடுத்ததும், "இருக்கேங்க" என்று கத்தினேன். முற்றத்தில் நின்ற அத்தனை பேரும் திரும்பினார்கள். காகம்கூடப் பறந்தது. உள்ளே எதிராளியைக் கூப்பிட்டார்கள், வரவில்லை. நீதிபதி ஏதோ கேட்டார். முதலியார் என்னிடம், "பிள்ளை இந்த நாட்டுல இல்லையாமே, இனி இந்தக் கோட்டுல என்ன செய்ய முடியும்மா?" என்றார். அவ்வளவுதான். அந்தக் கட்டில் கடைசியாக என்ன எழுதி மூடினார்கள் என்று எனக்குத் தெரியாது. உனக்குத் தெரிய வாய்ப்பிருக்கிறது.

அதற்குப் பிறகு அந்த டிவிசனில் இருக்க முடியவில்லை. சாமியார் சொல்லி இந்த மடத்துச் சமையலறைக்கு வந்தோம். நீ பட்டணத்துப் பள்ளியில் படித்தாய், பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போனாய், மிச்சமெல்லாம் உனக்கே தெரியும். பெரியப்பாவுக்கு எழுதினேன். நீலகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறோம், பிள்ளை சுகம் என்று அவர் பதில் போட்டார். பிலோ ஒரு வரிகூட எழுதவில்லை. பிறகு பெரியப்பா செத்துப்போனார் என்று தகவல் வந்தது. அவருக்காக நான் பூசை கொடுத்தேன். நீ அப்போது, "என்னம்மா, யாருக்குப் பூசை?" என்று கேட்டாய். சொந்தக்காரர் என்றேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நம் பழைய லயத்து மரியாயி அக்கா, இந்தியாவிலிருந்து மகன் வீட்டைப் பார்க்க வந்தவள், என்னையும் பார்க்க வந்தாள். பிலோவைப் பார்த்திருக்கிறாள். கல்யாணமாகி ஒரு பெண் பிள்ளை இருக்கிறதாம். மரியாயி அக்கா அவளிடம், "ஒங்கம்மா அன்னைக்கு வராம இல்லடி, வெளிய முத்தத்துல நின்னா" என்று சொல்லியிருக்கிறாள். அதற்கு அவள் சொன்ன பதிலை, சொல்லவா வேண்டாமா என்று தயங்கித் தயங்கித்தான் மரியாயி அக்கா என்னிடம் சொன்னாள்.

"உள்ள நான் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். மூணு வாட்டி கூப்பிட்டாங்க. வரலைன்னு இத்தனை நாளா நெனச்சேன். நின்னாங்களா? நின்னவங்க ஏன் வாயத் தொறக்கல?"

அன்றைக்குத்தான் எனக்கு அந்தப் பார்வை விளங்கிற்று. என் பிள்ளை உள்ளே உட்கார்ந்து, அம்மா பெயரைக் கூப்பிடுகிறார்கள், அம்மா வருவாள், வருவாள் என்று காது கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள். பெரியம்மாவை விட்டுவிட்டு என்னிடம் வரத்தான் உட்கார்ந்திருந்தாளோ என்னவோ. எனக்குத் தெரியாது. மரியாயி அக்காவுக்கு ஒரு கோப்பை தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன்.

இதையெல்லாம் சொல்லி உன் வேலையைக் குறை சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதே. நீ எண்ணினது சரிதான். அந்தக் கட்டத்தை நீ காட்டியபோது எனக்கு ஒரு பக்கம் நெஞ்சு வலித்தாலும், இன்னொரு பக்கம் என்ன தோன்றிற்று தெரியுமா? இத்தனை வருஷமும் இது என் ஒருத்திக்கு வந்த கேடு, என் ஒருத்தியுடைய மடத்தனம் என்று நினைத்திருந்தேன். அவ்வளவு கோடுகளைப் பார்த்ததும், நான் தனியாக நிற்கவில்லை என்று முதல் தடவையாகப் பட்டது. அதை எனக்குக் காட்டியது நீதான், உன் எண்ணிக்கைதான். அவர்களில் சிலர் நிஜமாகவே அக்கறை விட்டவர்களாக இருப்பார்கள், சிலர் பேசித் தீர்த்திருப்பார்கள், நீ சொல்வது போல. ஆனால் எல்லாரையும் ஒரே வாக்கியத்தில் போட்டு மூடிவிடாதே. வழக்கு முடிந்தவர்களை வீடு தேடிப் போய்க் கேட்கவும் போகிறோம் என்றாய். தீர்ப்புக் கிடைத்தவர்கள் அதே விலாசத்தில் இருப்பார்கள், அகப்படுவார்கள். என்னைப் போன்றவர்கள் லயம் மாறியிருப்பார்கள், கடல் தாண்டியிருப்பார்கள். நீங்கள் தேடிப் போகும்போதும் அவர்களை "இல்லை" என்றுதான் எழுதுவீர்கள். அப்படிப் பார்த்தால் அவர்கள் இரண்டு தடவை காணாமல் போகிறார்கள், தம்பி.

அகப்படுகிற ஒருவரிடமும், "ஏன் வரவில்லை" என்று கேட்காதே. அப்படிக் கேட்டால் தலையைக் குனிந்துகொண்டு, "தப்புத்தாங்க" என்று சொல்லிவிடுவார்கள். நீ காற்சட்டையும் பேனாவுமாகப் போய் நிற்பாய், உன்னிடம் வேறு என்ன சொல்வார்கள்? "அன்றைக்கு நீங்கள் எங்கே இருந்தீர்கள்" என்று கேள். பஸ்ஸில், பெரட்டில், ஆஸ்பத்திரியில், முற்றத்தில் என்று ஒவ்வொருவரும் ஒரு இடம் சொல்வார்கள். அந்த இடங்களை எழுது. அப்புறம் அக்கறை இருந்ததா இல்லையா என்பதை உங்கள் பேராசிரியர்மார் தீர்மானிக்கட்டும். நான் உனக்குக் கற்றுக்கொடுக்க ஆசைப்படுவது இது ஒன்றுதான். சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே என்பதைத்தான் நீ எப்படியும் கேட்கப் போவதில்லை.

நீலகிரி மதராசிலிருந்து தூரம் என்று தெரியும். ஆனாலும் ஒரு விடுமுறையில் போ. தோட்டத்தின் பெயரை மரியாயி அக்காவிடம் வாங்கி வைத்திருக்கிறேன், நீ புறப்படுகிற அன்று தருகிறேன். இந்தக் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு போ. முதலில் அவளுக்கு வாசித்துக் காட்டு, அப்புறம் உன் அறிக்கையை எழுது. அம்மாவுக்காகப் பரிந்து பேசாதே. அம்மா அழுதாள், அம்மா இளைத்துவிட்டாள் என்றெல்லாம் சொல்லி அவள் மனதைக் கரைக்காதே. அவள் கேட்ட கேள்விக்கு என்னிடம் இருக்கிற பதில் இவ்வளவுதான். அது அவளுக்குப் போதாமல் போகலாம். போதாது என்று சொல்ல அவளுக்கு உரிமை இருக்கிறது.

வாசித்து முடித்த பிறகு ஒன்று மட்டும் கேள். அம்மா ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போகட்டுமா என்று கேள். அவள் சரி என்றால் நான் எப்படியாவது வந்துவிடுவேன், பாஸ்போட்டோ என்னவோ அதற்கெல்லாம் சிஸ்டர்மார் இருக்கிறார்கள். வேண்டாம் என்றாலும், அம்மா மனம் நோகுமே என்று உன் பாட்டுக்கு ஒன்றைச் சேர்த்தோ குறைத்தோ எழுதிவிடாதே. அவள் எந்தச் சொல்லால் சொன்னாளோ, அந்தச் சொல்லையே எனக்கு எழுது.

அம்மா